கடன் வாங்கிக் கழித்தல்

‘கணக்கு’ என்ற சொல்லைக் கேட்டவுடனே முகம் வாடும் சிறுமியர் தொடக்கப் பிரிவில் பலர் உண்டு. கூட்டல் வரையில் அவர்கள் மகிழ்ச்சியோடுதான் வருகிறார்கள். விரல்கள் இருக்கின்றன, தம் விரல் போதாவிட்டால் பக்கத்துப் பெண்ணின் விரல்களும் இருக்கின்றன. ஆனால் ‘கடன் வாங்கிக் கழித்தல்’ என்னும் பாடம் வந்தவுடன் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. புரிந்தவர் ஒரு பக்கம், புரியாதவர் மறுபக்கம். புரியாதவர்களுள் சிலர் ஐந்தாம் வகுப்பு வரை அந்தப் பக்கத்திலேயே நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு பாடத்தைப் பற்றி மட்டும் இங்கு எழுத விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி 53-லிருந்து 27-ஐக் கழித்து 34 என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் ‘தவறு’ என்று குறியிட்டேன். அடுத்த கணக்கு 62-லிருந்து 38. விடை 36 என்றிருந்தது. அதற்கும் ஒரு குறி. 81-லிருந்து 45; விடை 44. அதற்கும் ஒரு குறி. பக்கம் முழுவதும் சிவந்துவிட்டது. ‘கவனம் தேவை’ என்று அடியில் எழுதி நோட்டை மூடினேன்.

அடுத்த நோட்டைத் திறந்தால் அதிலும் 34, 36, 44! இருவரும் அடுத்தடுத்து உட்காருபவர்களும் அல்லர். கவனமில்லாத இருவர் ஒரே தவறான விடைகளை வரிசையாக எப்படிப் பெற முடியும்? அப்போதுதான் எனக்கு ஐயம் பிறந்தது. மறுநாள் அச்சிறுமியை மேசையருகே அழைத்து, “34 எப்படிம்மா வந்தது?” என்று கேட்டேன். முதலில் வாய் திறக்கவில்லை. அடிதான் விழும் என்று நினைத்தாள் போலும். பிறகு மெல்லச் சொன்னாள்: “மூணிலேருந்து ஏழு போகாதே டீச்சர். அதனாலே ஏழிலேருந்து மூணைக் கழிச்சேன். பெரிசிலேருந்துதான் சின்னதைக் கழிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?”

உண்மைதான், நான்தான் சொன்னேன். ஒற்றை இலக்கக் கழித்தல் கற்பிக்கும்போது நாம் எல்லோரும் சொல்லும் வாக்கியம் அது. அந்தக் குழந்தை கவனக் குறைவால் தவறவில்லை. சொன்னதை அளவுக்கு மேல் கவனித்ததால் தவறினாள்.

1978-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜான் சீலி பிரௌன், ரிச்சர்ட் பர்ட்டன் என்னும் இரு ஆய்வாளர்கள் குழந்தைகள் செய்யும் கழித்தல் தவறுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தவறுகளிற் பல குருட்டாம்போக்கில் வருவன அல்ல. குழந்தை தானாகவே உருவாக்கிக்கொண்ட ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருவன என்று அவர்கள் காட்டினார்கள். மேலே இருப்பதா கீழே இருப்பதா என்று பாராமல் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிப்பது அவர்கள் பட்டியலிலும் இருக்கிறது.

விதியை எப்படித் திருத்துவது? எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று காட்டினால்தான் முடியும். நம் தமிழ் இதற்குப் பெரிதும் உதவுகிறது. ‘ஐம்பத்து மூன்று’ என்று சொல்லும்போதே ஐந்து பத்தும் மூன்றும் காதில் விழுகின்றன. நம் முன்னோர் எழுதிய முறையிலோ அது கண்ணுக்கும் தெரிந்தது. 53-ஐ அவர்கள் ௫௰௩ என்று எழுதினார்கள். நடுவில் நிற்கும் ௰ பத்துக்குரிய குறி. (தொண்ணூறு மட்டும் இந்த ஒழுங்குக்கு அடங்காமல் ‘நூறு’ என்ற ஒலியைச் சேர்த்துக்கொண்டு குழந்தைகளைக் குழப்பும். அதற்கு நான் என்ன செய்ய!)

எங்கள் வகுப்புக் கத்தோலிக்கச் சிறுமியருக்கு 53 இன்னொரு வழியிலும் பழக்கம். வீட்டில் மாலைதோறும் ஐம்பத்து மூன்று மணி ஜெபம் சொல்லுகிறார்கள். ஜெபமாலையை எடுத்துக் காட்டச் சொன்னால், பத்துப் பத்தாக ஐந்து கூட்டமும் தொங்கலில் மூன்று சிறு மணிகளும் இருப்பதை உடனே எண்ணிச் சொல்லிவிடுகிறார்கள். எனினும் ஜெபமாலையின் பத்தைப் பிரித்து எடுக்க முடியாது. கழித்தலுக்குப் பிரிக்கத்தான் வேண்டும். ஆகவே ஈர்க்குச்சிகளுக்கு வந்தோம்.

பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் வளையம் போட்ட ஐந்து கட்டுகள். தனியாக மூன்று குச்சிகள். “இதிலிருந்து 27 குச்சி எடுத்துக் கொடு” என்றேன். தனிக் குச்சி மூன்றையும் எடுத்தாள். இன்னும் நான்கு வேண்டும். கட்டுகளையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கட்டின் ரப்பரைக் கழற்றினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மேசையில் எஞ்சியவை இரண்டு கட்டுகள், ஆறு குச்சிகள். 26! தன் நோட்டிலிருந்த 34-ஐயும் குச்சிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பிறகுதான் பலகையில் எழுதினோம். 5-ஐ அடித்து 4. 3-ஐ 13 ஆக்கினோம். “பக்கத்து வீட்டிலே கடன் வாங்கணும்” என்று வழக்கம்போல் சொன்னேன். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி: “கடனை எப்போ டீச்சர் திருப்பிக் கொடுக்கணும்?”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. நாம் கற்பிக்கும் முறையில் கடன் திரும்புவதே இல்லை! ஆங்கில நாட்டுப் பள்ளிகளில் நெடுங்காலம் வழங்கிய வேறொரு முறையில்தான் அது திரும்பும். அதன்படி மேலே உள்ள 3-ஐ 13 ஆக்கியவுடன், கீழே உள்ள 2-ஐ 3 ஆக்க வேண்டும். பதின்மூன்றிலிருந்து ஏழு போக ஆறு, ஐந்திலிருந்து மூன்று போக இரண்டு, அதே 26. இரு எண்களுக்கும் பத்தைச் சமமாகக் கூட்டினால் வித்தியாசம் மாறாது. எத்தனை ஆண்டு சென்றாலும் அக்காளுக்கும் தங்கைக்கும் உள்ள வயது வித்தியாசம் மாறாததைப் போல. பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: உங்களுக்கு அந்த முறைதான் பழக்கமாயின், குழந்தைக்கு முதல் முறை நன்றாகப் பதிந்த பின்னரே அதைக் கற்றுக்கொடுங்கள். இரண்டையும் பாதி பாதி கலந்துகொண்டு வரும் குழந்தையை மீட்பது மிகக் கடினம்.

‘கடன்’ என்ற சொல்லுக்கு மாற்றுச் சொல்லை எனக்குத் தந்தவள் 34 எழுதிய அதே சிறுமி. அவள் தாய் பூ விற்பவர். மாலையில் இவளும் தாயோடு உட்கார்ந்து சில்லறை எண்ணிக் கொடுப்பாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. “இது கடன் இல்லே டீச்சர். பத்து ரூபாயைச் சில்லறை மாத்துறோம், அவ்வளவுதான்” என்றாள். பத்து ரூபாய் நோட்டு ஒன்று பத்து ஒரு ரூபாய்க் காசுகள் ஆகிறது. யாரும் யாருக்கும் எதுவும் தரவேண்டியதில்லை. அன்று முதல் எங்கள் வகுப்பில் அது ‘சில்லறை மாற்றிக் கழித்தல்’.

இத்தனை தெரிந்த குழந்தை நோட்டில் மட்டும் ஏன் தவறினாள்? பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் தெருவில் இளநீரும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளை ஆராய்ந்து 1985-இல் ஒரு கட்டுரை வெளியானது. விற்பனையின்போது கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரியாகச் சொன்ன அதே பிள்ளைகள், அவற்றையே வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது நூற்றுக்கு 37 அளவுக்கே சரியாகச் செய்தார்கள். 2025-இல் கொல்கத்தாவையும் டில்லியையும் குறித்து வெளியான பெரிய ஆய்வு ஒன்று இதே நிலையை இங்கும் கண்டது. சந்தையில் வேலை செய்யாத பள்ளிப் பிள்ளைகளோ, தாளில் செய்யும் கணக்கைக் கடைக் கணக்காகக் கேட்டால் தடுமாறினார்கள் என்றும் அது சொல்லுகிறது. ஆகவே நம் வகுப்பில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவளையும் ஒருமுறை கடைக்கு அனுப்பிப் பாருங்கள்!

இதனால் வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையில் கடை வைத்தோம். 27 ரூபாய்ப் பொருளுக்கு 53 ரூபாய் என்று காகித நோட்டுகளை நீட்டினேன். அந்தச் சிறுமி கழிக்கவே இல்லை. “இருபத்தேழு, முப்பது, ஐம்பது, ஐம்பத்து மூணு” என்று மேலே ஏறிக்கொண்டே மூன்றும் இருபதும் மூன்றும் எடுத்து வைத்தாள். மற்றவர்கள் அவளிடம் கற்றுக்கொள்ளச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் வகுப்பில் உரத்துப் பேசி நான் கேட்டது அதுவே முதல் முறை.

பூஜ்யம் நடுவில் வரும் கணக்கே இந்தப் பாடத்தின் உச்சி. 403-லிருந்து 158. மூன்றிலிருந்து எட்டுப் போகாது. பக்கத்தில் மாற்றலாம் என்றால் அங்கே ஒன்றுமே இல்லை. இங்கு விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் எல்லோரும் வழுக்கி விழுவார்கள். குச்சிகளோ வழி சொல்லிவிடும். பத்துக் கட்டுகளைச் சேர்த்துக் கட்டிய பெருங்கட்டு ஒன்றை முதலில் பிரிக்க வேண்டும். அதிலிருந்து வந்த பத்துக் கட்டுகளில் ஒன்றைப் பிறகு பிரிக்க வேண்டும். மூன்று பெருங்கட்டு, ஒன்பது கட்டு, பதின்மூன்று குச்சி. விடை 245. அந்த ஒன்பது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கையால் பிரித்தவள் சொல்லுவாள்.

அதற்கு 403 குச்சிகள் வேண்டியிருந்தன. “வீட்டிலிருந்து ஆளுக்குப் பத்துக் குச்சி” என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் சில தாய்மார்கள் தங்கள் துடைப்பம் மெலிந்த காரணத்தைக் கேட்டு வாசலில் நின்றார்கள். இப்போது 1000-லிருந்து 437 கழிக்க வேண்டுமென்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பள்ளியைப் பெருக்கும் ஆயாம்மா தம் துடைப்பத்தைப் பூட்டி வைத்துவிட்டார்.