அடி எடுத்துக் கொடுப்பவர்

அன்புள்ள தம்பிக்கு,

பென்னாகரத்துப் பக்கம் கூத்து ஜமாவில் வேஷம் கட்டிக்கொண்டே சொந்தமாக ஒரு நாடகமும் எழுதத் தொடங்கியிருப்பதாக உன் கடிதம் சொல்கிறது. நடிப்பா, எழுத்தா, எதில் காலூன்றுவது என்று கேட்டிருக்கிறாய். பதிலைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். திரௌபதி அம்மன் திருவிழாவில் நீ ஆடும் களத்தின் பின்பக்கம், பெஞ்சில் தாளத்தோடு உட்கார்ந்திருக்கும் உன் வாத்தியாரைப் பார்.

கர்ண மோட்சம் நடக்கிறது. இரவு இரண்டு மணி. கர்ணன் வேஷக்காரர் திரைக்குப் பின்னால் விருத்தம் பாடி முடித்து, திரை விலகியதும் சலங்கை குலுங்க வெளியே வருகிறார். அடுத்த அடி நாக்கில் வரவில்லை. கூட்டத்தில் யாருக்கும் தெரிவதற்குள் வாத்தியார் அந்த அடியை எடுத்துக் கொடுத்துவிடுகிறார். ஆர்மோனியம் பிடித்துக்கொள்கிறது, கர்ணன் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பாட்டைத் தொடர்கிறார். அந்த வாத்தியாருக்குக் கர்ணன் பாட்டும் தெரியும், அவன் மனைவி பொன்னுருவியின் பாட்டும் தெரியும், கட்டியங்காரன் எந்த இடத்தில் புகுந்து சிரிக்க வைக்க வேண்டும் என்பதும் தெரியும்.

தமிழ் நாடக மேடைக்கே இப்படி ஒரு வாத்தியார் இருந்தார். சங்கரதாஸ் சுவாமிகள்.

1867 செப்டம்பர் 7 அன்று தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். இருபத்து நான்கு வயதில் நாடகத்துக்கு வந்தார். கட்டியவை எல்லாம் கனமான வேஷங்கள்: இரணியன், இராவணன், எமதர்மன், சனீஸ்வரன். நளதமயந்தி நாடகம் முடிந்த ஒரு விடியற்காலையில், வேஷத்தைக் கலைக்க நீர்நிலைக்குப் போன சனீஸ்வரனைப் பார்த்து அங்கு வந்த பெண்ணொருத்தி அதிர்ச்சியில் உயிரை விட்டாள் என்று நாடக உலகம் சொல்லி வருகிறது. அதன் பிறகு அவர் வேஷம் கட்டுவதை விட்டார். நாடகம் எழுதுவதும் நடிகர்களைப் பழக்குவதுமே வாழ்க்கை என்றானது.

மேடையை விட்டாலும், மேடை அவர் கையைவிட்டுப் போகவில்லை. சத்தியவான் சாவித்திரியை எடுத்துக்கொள். எமனாக நின்று, எதிரே பேசுபவளின் குரல் எங்கே ஏறுகிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்று காதால் கேட்டவர் எழுதிய நாடகம் அது. வள்ளி திருமணம் இன்றைக்கும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிறது. நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யும் கட்டத்தில் நடிகர்கள் தங்கள் சொந்தச் சரக்கை அவிழ்க்க இடம் இருக்கிறது. ஆனால் எவ்வளவு தூரம் சுற்றினாலும் திரும்பி வந்து நிற்கச் சுவாமிகளின் பாட்டு இருக்கிறது. எங்கே கட்ட வேண்டும், எங்கே அவிழ்த்துவிட வேண்டும் என்று மேடையில் நின்று தெரிந்துகொண்டவரின் கணக்கு இது.

பெரியவர்கள் நடித்த கம்பெனிகளில் எழுதிய பாடம் ஒன்றாகவும் மேடையில் பேசியது வேறொன்றாகவும் போனது. கண்டபடி பேசுவதும் கட்டுப்பாட்டை மீறுவதும் அவரை வருத்தின. சிறுவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். 1918-ல் மதுரையில் அவர் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தார்கள். அவர்களில் டி.கே. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அந்தப் பையன் அபிமன்யுவாக நடிப்பதற்காகவே, பாட்டும் உரையாடலுமாக 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்தார் சுவாமிகள். இந்தச் செய்தியைக் கேட்டால் வேகம்தான் முதலில் வியப்பாக இருக்கும். நீ கவனிக்க வேண்டியது வேறு. எழுத உட்கார்ந்தபோது அந்தப் பையனின் குரல் எவ்வளவு தூரம் எட்டும், எத்தனை வரி ஒரே மூச்சில் சொல்வான் என்பது அவருக்கு முன்பே தெரியும்.

ஷேக்ஸ்பியரும் இப்படி எழுதியவர்தான். லண்டனில் தன் கம்பெனியிலேயே நடிகராகவும் பங்காளியாகவும் இருந்தவர். ஹாம்லெட் என்ற பாத்திரத்தை எழுதும்போது அதைத் தாங்கப்போகிற ரிச்சர்ட் பர்பேஜ் தினமும் அவர் கண்ணெதிரே நடித்துக்கொண்டிருந்தார். 1616-ல் ஷேக்ஸ்பியர் இறந்தபின் அவர் நாடகங்களைத் திரட்டி 1623-ல் பெரும் தொகுப்பாக அச்சேற்றியவர்கள் ஹெமிங்ஸ், காண்டெல் என்ற இரண்டு சக நடிகர்கள். அதுவரை அச்சில் வராமலிருந்த 'மக்பெத்' இன்று நம் கையில் இருப்பது அவர்களால்தான்.

இதை உன்னிடம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உன் வாத்தியாரின் பாடம் எங்கே இருக்கிறது? பாதி அவர் நெஞ்சில்; மீதி மூலை மடங்கி, எண்ணெய்க் கறை ஏறிய நோட்டில். பம்மல் சம்பந்த முதலியார் வக்கீலாக இருந்துகொண்டே எழுதி, நடித்து, தன் நாடகங்களை அச்சிட்டு, 'நாடக மேடை நினைவுகள்' என்று அனுபவத்தையும் எழுதி வைத்தார். 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபை எப்படித் தொடங்கியது, ஒத்திகை எப்படி நடந்தது என்றெல்லாம் நமக்குத் தெரிவது அதனால்தான். கூத்து வாத்தியார்களில் எத்தனையோ பேருக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அவர்களோடு பாட்டும் போய்விட்டது.

சுவாமிகளின் கடைசிக் காலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனது. ஆயிரம் பேருக்கு அடி எடுத்துக் கொடுத்த வாய் அது. அந்த நிலையிலும் அவர் தன் பையன்களின் கம்பெனியோடுதான் இருந்தார். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். அவர் பாடம் அந்தப் பையன்களின் வாயில் இருந்தது. சண்முகம் பின்னாளில் 'ஔவையார்' நாடகத்தில் கிழவி வேஷம் கட்டி ஔவை சண்முகம் என்றே பெயர் வாங்கினார். சுவாமிகளைப் பற்றி எழுதினார், பேசினார்.

நாடகம் எழுதியவர்களின் இந்த வரிசையில் நம் மாவட்டத்துப் பாப்பாரப்பட்டிக்கும் பங்கு உண்டு. சிறையில் தொழுநோய் வாங்கி வந்த விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவை ரயிலில் ஏறக் கூடாது என்று தடுத்தார்கள். ஊர் ஊராக நடந்தும் வண்டியிலும் போனார். சிவாஜி கதையையும் தேசிங்குராஜன் கதையையும் நாடகமாக எழுதியவர் அவர். 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில் உயிர் பிரிந்தது. அந்த வழியாகக் கூத்துக்குப் போகும்போது அவர் நினைவிடத்தில் ஒருமுறை இறங்கிப் பார்.

இனி உன் வேலை. வரும் பங்குனிக்குள் வாத்தியாரிடம் அந்த நோட்டைக் கேட்டு வாங்கு. உன் வேஷத்தின் பாட்டோடு நிறுத்திவிடாமல் முழுப் பாடத்தையும் கையால் எழுதி எடு. அவர் நெஞ்சில் இருப்பதை அவர் பாடப் பாடச் செல்போனில் பதிந்து வை. ஒரு கூத்துக்காவது வேஷம் கட்டாமல் தாளத்தோடு பெஞ்சில் உட்கார். யார் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பது அங்கிருந்துதான் தெரியும்.

நீ எழுதும் நாடகத்தின் முதல் காட்சியை உன் ஜமாவின் கட்டியங்காரனிடம் படித்துக் காட்டு. அரிதாரம் குழைத்துக்கொண்டிருக்கும்போதே கேட்கட்டும். படிக்கையில் எந்த வரியில் அவர் கை நின்றது, எந்த வரியை அவர் வாய் தானாகத் திருப்பிச் சொன்னது என்று குறித்துக்கொள். அடுத்த கடிதத்தில் அந்த வரிகளை மட்டும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
நாடகம் பார்த்தே வளர்ந்த உன் அண்ணன்