ஜன்னலைச் சாத்திவிட்டு ஹீட்டர் போடலாமா?

கேள்வி: குன்னூரில் வசிக்கிறோம். குளிருக்காக சிலிண்டரில் எரியும் கேஸ் ஹீட்டர் வாங்கியிருக்கிறோம். ஜன்னலைத் திறந்து வைத்தால் சூடு போய்விடுகிறது என்று மாமியார் சாத்திவிடச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: சாத்தாதீர்கள், அம்மா. புகைபோக்கி இல்லாத ஹீட்டர் நீங்கள் சுவாசிக்கும் காற்றைத்தான் எடுத்து எரிகிறது. ஒரு கிலோ கேஸ் எரிய ஏறக்குறைய 12 கன மீட்டர் காற்று வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் மொத்தமே 28 கன மீட்டர்தான். அத்தனையும் தீரும்வரை ஆபத்து காத்திருக்காது. ஆக்சிஜன் சற்றுக் குறைந்தாலே கார்பன் மோனாக்சைடு உண்டாகத் தொடங்கிவிடும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. சிலிண்டர் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும், இதைச் சொல்லாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்வதால் தலைவலி, குமட்டல், அசதி வரும். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் படுத்துவிடுவோம். அங்கேதான் உயிர் போகிறது.

ஜன்னல் கண்ணாடியைப் பாருங்கள். தண்ணீர் கோத்து வழிகிறதா? கேஸ் எரிந்தால் நீராவியும் வரும்; அது வெளியேறவில்லை என்றால் மற்றதும் வெளியேறவில்லை. நீலச் சுடர் மஞ்சளானால் உடனே அணைத்துவிட்டு வெளியே வாருங்கள்.

தரையோரம் ஒன்று, கூரையோரம் ஒன்று என அடைக்க முடியாத இரண்டு காற்றுத் துளைகள் போடச் சொல்லுங்கள். அதுவரை ஜன்னல் திறந்தே இருக்கட்டும். ஆக்சிஜன் குறைந்தால் ஹீட்டரைத் தானே அணைத்துவிடும் சென்சார் உள்ளதா என்றும் கேளுங்கள். இருந்தாலும் தூங்கப் போகும்முன் ஹீட்டரை அணைத்துவிட வேண்டும். மாமியாருக்கு இரண்டு கம்பளியாகக் கொடுங்கள்.