அட்டைக்கு ஒரு சிங்கப்பூர்

திருவாரூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கம் தெருவுக்கு ஒரு சிங்கப்பூர்க்காரர் உண்டு. பெண் கொடுக்கலாமா, தீபாவளிக்கு எத்தனை நாள் லீவு, எவ்வளவு தங்கம் கொண்டு வரலாம் என்று எதைக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்வார். அவர் சொல்வதில் முழுப் பொய் குறைவு. பெரும்பாலும் யாரோ ஒருவருக்கு ஏதோ ஓர் ஆண்டில் நடந்ததாக இருக்கும். அதை எல்லாருக்கும் எப்போதும் நடக்கும் என்று சொல்வதில்தான் வம்பு. குடிமகனின் இளஞ்சிவப்பு அடையாள அட்டைக்கு ஒரு விதி, நிரந்தரவாசியின் நீல அட்டைக்கு ஒரு விதி. வெளிநாட்டவரின் வேலை அனுமதிகளான இ பாஸ், எஸ் பாஸ், வொர்க் பெர்மிட் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதி. புதிதாகக் குடித்தனம் தொடங்கும் ஜோடிகள் கேட்டு நம்பும் சில பேச்சுகளை இந்தக் கண்ணோடு பார்ப்போம்.

"சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டால் பெண்டாட்டியைக் கூட்டிப் போய்விடலாம்"

இதை நம்பி நிச்சயம் செய்யப்பட்ட கல்யாணங்கள் அநேகம். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வொர்க் பெர்மிட்டில் வேலை பார்ப்பவர் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. எத்தனை வருஷம் உழைத்தாலும், முதலாளி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் முடியாது. எஸ் பாஸ், இ பாஸ் வைத்திருப்பவரால் முடியும். ஆனால் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும். ஓவர்டைமும் போனஸும் இந்தக் கணக்கில் சேராது. 2025 ஜனவரியில் புதிய இ பாஸுக்கான குறைந்தபட்சச் சம்பளம், நிதித்துறை நீங்கலாக, 5,600 வெள்ளி ஆனது. அந்த வாசலில் சரியாக நுழைந்த மாப்பிள்ளை, மனைவியைக் கூட்டிவர இன்னும் 400 வெள்ளி சம்பள உயர்வுக்குக் காத்திருக்க வேண்டும். அப்பா அம்மாவை நீண்ட காலம் கூட வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் 12,000 வெள்ளி. பெண் பார்க்க வருகிறவர்களிடம் சம்பளம் கேட்பது நம் ஊரில் மரியாதைக் குறைவாக எண்ணப்படுவதில்லை. பாஸ் என்னவென்றும் சேர்த்துக் கேட்டுவிடலாம்.

வந்த மனைவி வேலைக்குப் போகலாமா? "நான் வந்த மூணாம் மாசமே வேலையில சேர்ந்துட்டேன்" என்று சொல்லும் அக்கா அநேகமாக 2021 மே மாதத்துக்கு முன் வந்தவராக இருப்பார். அதுவரை, குடும்பத்தாருக்கான டிபென்டன்ட் பாஸ் வைத்திருப்பவர் வேலை பார்க்க ஒரு சம்மதக் கடிதமே போதுமாக இருந்தது. இப்போது, சொந்தத் தொழில் நடத்துபவர்கள் போன்ற சிலரைத் தவிர, மற்றவர்கள் தம் பெயரில் தனி வேலை பாஸ் எடுக்க வேண்டும். குடிமகனையோ நிரந்தரவாசியையோ மணந்து நீண்டகால வருகை அட்டையில் இருப்பவருக்குச் சம்மதக் கடித வழி இன்னும் திறந்திருக்கிறது. ஒரே மாடியில் எதிரெதிர் வீட்டில் இருக்கும் இரண்டு தமிழ்ப் பெண்களில் ஒருத்தி வேலைக்குப் போக, மற்றவள் வீட்டில் இருப்பதற்குப் படிப்பு காரணமாக இருக்க வேண்டியதில்லை.

பெர்மிட்டில் இருப்பவர், ஏன், முன்பு பெர்மிட்டில் இருந்து திரும்பிப் போனவர்கூட, சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணக்க மனிதவள அமைச்சிடம் அனுமதி வாங்க வேண்டும். காதலித்துவிட்டு இதைக் கேள்விப்படுகிறவர்கள் உண்டு.

"கோயிலில் தாலி கட்டினால் கல்யாணம் ஆச்சு"

ஊருக்கும் உறவுக்கும் ஆச்சு. சட்டத்துக்கு ஆகவில்லை. 1961-இல் மாதர் சாசனம் வந்ததிலிருந்து திருமணம் நடத்திவைக்க உரிமம் பெற்ற ஒருவர் முன்னிலையில், திருமணப் பதிவகத்துக்கு (ஆர்.ஓ.எம்.) குறைந்தது 21 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து நடப்பதுதான் கல்யாணம். அதனால் சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் விசித்திரமான ஓர் இடைக்காலம் இருக்கிறது. "ஆர்.ஓ.எம். முடிஞ்சிருச்சு, கல்யாணம் அடுத்த தையில" என்பார்கள். சட்டப்படி கணவன் மனைவி, பாட்டி கணக்கில் இன்னும் நிச்சயித்த ஜோடி. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புது வீட்டுக்கு நிச்சயித்த ஜோடியாகவே விண்ணப்பிக்கலாம். பதிவுச் சான்றிதழை அப்புறம் காட்டலாம். கட்டி முடிக்கப் பல வருஷம் ஆகும் என்பதால் வீட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டுத்தான் பலர் பெற்றோரிடம் விஷயத்தைச் சொல்கிறார்கள். பெண் கேட்பதற்கு முன் வீடு கேட்கும் ஊர்!

"லிட்டில் இந்தியாவில்தான் நம்மவர்கள் குடியிருக்கிறார்கள்"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்குள்ள தேக்காவில் நிற்பவருக்கு அப்படித்தான் தோன்றும். அங்கே நிற்கிற கூட்டம் தீவின் நாலா மூலையிலுள்ள தங்கும் விடுதிகளிலிருந்து லீவு நாளுக்கு வந்தது. புதுமணத் தம்பதியோ பொங்கோலிலோ செங்காங்கிலோ உட்லண்ட்ஸிலோ இருந்துகொண்டு, கறிவேப்பிலைக்கும் மல்லிகைப்பூவுக்கும் கோமள விலாஸ் தோசைக்கும் ரயிலேறி வருகிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் நாமே குடியேறிவிடலாம் என்றாலும் விடமாட்டார்கள். 1989 முதல் நடப்பிலுள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கை, வீவக கட்டடம் ஒவ்வொன்றிலும் எந்த இனத்தார் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது. இந்தியர் பங்கு நிரம்பிய கட்டடத்தில் சீனரோ மலாய்க்காரரோ விற்கும் வீட்டை இந்தியர் வாங்க முடியாது. பிடித்த வீட்டின் முன் நின்று இதைக் கேள்விப்படுவது கசப்புதான்; ஆனாலும் தனித்தனிச் சேரிகளாகப் பிரிந்து கிடக்கும் நகரங்களைப் பார்த்தவர்கள் இந்தக் கசப்பை விழுங்கிக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

ராஃபிள்ஸ் இந்தியர்களுக்கு ஒதுக்கிக் கொடுத்த இடம் லிட்டில் இந்தியா என்பதும் தவறு. 1822-ஆம் ஆண்டின் நகரத் திட்டத்தில் இந்தியர்களுக்கான சூலியா கம்பம் இருந்தது சிங்கப்பூர் ஆற்றோரம். தீவின் மிகப் பழைய இந்துக் கோயிலான மாரியம்மன் கோயில் 1827-இல் எழுந்ததும் இன்று சைனாடவுன் என்கிற பகுதியில்தான். லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலைக்கு நம்மவர்களை இழுத்தவை செங்கல் சூளைகளும் மாட்டு வியாபாரமும் 1843-இல் அமைந்த குதிரைப் பந்தயத் திடலும். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர்ப்பலகைகளே அதைச் சொல்கின்றன.

அங்குள்ள முஸ்தபா கடை 24 மணி நேரமும் திறந்திருக்கும் என்று நம்பி அதிகாலை விமானத்துக்கு முன் போய் நிற்காதீர்கள். அது கோவிட்டுக்கு முந்தைய கதை. இப்போது அதிகாலை 2 மணிக்குக் கதவடைத்துவிடுகிறார்கள். அதேபோல, 2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு அங்கே பீரே கிடையாது என்பதும் மிகை. 2015 ஏப்ரலில் வந்த சட்டப்படி சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணி வரையும், பொது விடுமுறைக்கு முந்திய நாள் இரவு 7 மணியிலிருந்தும் அங்கே பொது இடத்தில் குடிக்கக் கூடாது. உரிமம் உள்ள உணவகத்தில் உட்கார்ந்து குடிக்கலாம். புல்வெளியில் உட்காருபவருக்குத்தான் தடை. மேசைக்குக் காசு கொடுக்க முடிந்தவருக்கு இல்லை.

"அங்கே லீவுக்கு என்ன பஞ்சம்!"

பஞ்சம்தான். வருஷத்துக்கு 11 பொது விடுமுறை. சட்டப்படி சம்பளத்துடன் கிடைக்கும் வருடாந்தர விடுப்பு முதல் ஆண்டில் 7 நாள். ஆண்டுக்கு ஒரு நாளாகக் கூடி எட்டாவது ஆண்டில் 14. பல நிறுவனங்கள் இதைவிடத் தாராளமாகக் கொடுக்கின்றன என்பது உண்மை, ஆனால் அது அவர்கள் விருப்பம். கல்யாணத்துக்கென்று சட்டம் ஒரு நாள்கூடத் தருவதில்லை. வேலை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் தேனிலவும் அந்த ஏழுக்குள்தான். மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், மறுவீடு, குலதெய்வம், அத்தை வீட்டு விருந்து என்று ஊர்ப் பெரியவர்கள் போடும் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இந்த ஏழைப் பங்கு போட்டுப் பாருங்கள்.

தைப்பூசத்துக்கு லீவு என்று நினைத்து டிக்கெட் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1968 வரை அது பொது விடுமுறைதான். அந்த ஆண்டு விடுமுறைகளைக் குறைத்தபோது ஒவ்வொரு சமயத்தாரும் சில நாள்களை விட்டுக்கொடுத்தார்கள். இந்துக்கள் தீபாவளியை வைத்துக்கொண்டார்கள். கடற்பாலத்தைத் தாண்டி மலேசியாவின் ஜோகூரில் தைப்பூசத்துக்கு விடுமுறை உண்டு என்பது சிங்கப்பூரில் லீவு போட்டுக் காவடி எடுப்பவருக்கு உறுத்தாமல் இருக்குமா? பொங்கல் பட்டியலில் எங்குமே இல்லை. தீபாவளி ஞாயிற்றுக்கிழமை வந்தால் திங்கள் விடுமுறை. 2023-இல் அப்படி வந்தது, 2026-இல் நவம்பர் 8-ஆம் தேதி மறுபடி வருகிறது. அந்த நீண்ட வார இறுதியைக் கண்டதும் திருச்சி விமானத்துக்கு ஊரே பாய்கிறது.

ஊருக்குப் போகும் ஒரு மாதத்துக்கு வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டு டிக்கெட் காசைத் தேற்றலாம் என்று யோசனை சொல்பவர் யாராவது கட்டாயம் இருப்பார். வேண்டாம். வீவக வீட்டைக் குறைந்தது 6 மாதத்துக்கும், தனியார் வீட்டைக் குறைந்தது 3 மாதத்துக்கும்தான் வாடகைக்கு விடலாம்.

"சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட் இருந்தால் விசாவே வேண்டாம்"

உலகின் வலிமையான பாஸ்போர்ட் பட்டியல்களில் அது முன்னணியில் இருப்பது சரி. ஆனால் தமிழனுக்கு அடிக்கடி போக வேண்டிய நாட்டுக்கு விசா வேண்டும். மூன்றாம் தலைமுறைச் சிங்கப்பூர்க்காரர் தாத்தாவின் ஊர்க் கோயிலில் மொட்டை போடப் போவதென்றால் முதலில் இந்திய ஈ-விசா எடுக்க வேண்டும். கொள்ளுத்தாத்தா வரை இந்திய வேரை நிரூபிக்க முடிந்தால் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டைக்கு வழியுண்டு; ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறியவரின் பிறப்புச் சான்றிதழ் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

கணவன் சிங்கப்பூர், மனைவி இந்தியா என்று பாஸ்போர்ட் இரண்டாகிவிட்டால் சுற்றுலாத் திட்டமும் இரண்டாகிறது. ஹார்பர்ஃபிரண்டிலிருந்து ஒரு மணி நேரப் படகில் இந்தோனேசியாவின் பாத்தாம் போனால் அவர் விசா இல்லாமல் நடந்துவிடுவார். அவள் 5,00,000 ரூப்பியா கட்டி விசா வாங்கிக்கொண்டு பின்னால் வருவாள். ஜப்பானும் ஐரோப்பாவும் அவளுக்கு மாதக்கணக்கில் காகிதம் சேர்க்கும் வேலை.

"ஜோகூரில் வாங்கினால் எல்லாம் லாபம்"

குவீன் ஸ்திரீட்டில் 170 பேருந்து ஏறி, கடற்பாலத்தைக் கடந்து, மளிகையிலிருந்து செருப்பு வரை வாங்கி வருவது இளம் ஜோடிகளின் சனிக்கிழமைச் சடங்கு. விலை குறைவுதான். திரும்பும்போது வரி இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 வெள்ளி மதிப்புக்கும், அதற்கு மேல் வெளியே இருந்தால் 500 வெள்ளி மதிப்புக்கும் பொருள், சேவை வரி விலக்கு. மிச்சத்துக்கு 9 விழுக்காடு. 300 வெள்ளிக்குப் பொருள் வாங்கி அன்றே திரும்பும் குடிமகன் 18 வெள்ளி கட்ட வேண்டும்.

பெரும்பாலோருக்குத் தெரியாதது அடுத்தது. இந்த விலக்கு வேலை பாஸ், டிபென்டன்ட் பாஸ், மாணவர் பாஸ், நீண்டகாலப் பாஸ் வைத்திருப்பவர்களுக்குக் கிடையவே கிடையாது. அதே பை, அதே 300 வெள்ளி, ஆனால் இ பாஸ்காரருக்கு 27 வெள்ளி. மலேசியாவிலிருந்து வரும் மதுவுக்கும், எங்கிருந்து வரும் சிகரெட்டுக்கும் யாருக்கும் சலுகை இல்லை. பெட்ரோலைப் போட்டுக்கொண்டு வரலாம் என்றால், சிங்கப்பூர்க் கார் புறப்படும்போதே முக்கால் டேங்க் நிரம்பியிருக்க வேண்டும் என்று விதி நிற்கிறது.

"ஊருக்குப் போகும்போது சிங்கப்பூர்த் தங்கம்"

சிராங்கூன் சாலையின் நகைக்கடைகளுக்கு இந்த நம்பிக்கைதான் முதலீடு. 916 நகைக்கு அங்கே 9 விழுக்காடு வரி. வரிவிலக்கு முதலீட்டுத் தரத் தங்கக் கட்டிக்கும் காசுக்கும்தான். இந்தியாவில் நகைக்கு ஜி.எஸ்.டி. 3 விழுக்காடு. பயணிகளுக்கான வரித் திருப்பத்தைக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வேலை பாஸ்காரர்களும் கேட்க முடியாது. சுற்றிப் பார்க்க வந்த மாமியார் தன் பாஸ்போர்ட்டைக் காட்டித் தானே வாங்கித் தானே எடுத்துப் போனால் கிடைக்கும். மருமகளுக்குக் கிடைக்காது. வேறென்ன சொல்ல!

இந்தியச் சுங்கத்தின் பக்கம் வந்தால், "பொம்பளைக்கு அஞ்சு பவுன் ஃப்ரீ" என்பது பாதி உண்மை. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புபவருக்குத்தான் அந்த 40 கிராம், ஆணுக்கு 20. ஆறு மாதத்தில் அவசரமாக ஊர் வரும் புதுப்பெண்ணுக்கு அது பொருந்தாது. 2026 பிப்ரவரியில் மாறும் வரை, 2016-இன் விதிகள் எடையோடு விலைக்கும் வரம்பு வைத்திருந்தன: பெண்ணுக்கு 1 லட்சம் ரூபாய், ஆணுக்கு 50 ஆயிரம். 2025 அக்டோபரில் சென்னையில் ஒரு பவுனே 90 ஆயிரத்தைத் தாண்டியபோது அந்த ஐந்து பவுன் சுருங்கி ஒரு பவுனுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. இந்த விதிகள் மாறக்கூடியவை. டிக்கெட் போடும் நாளில் சுங்கத்துறையின் தளத்தில் பார்த்துக்கொள்வது, பழைய ஆளிடம் கேட்பதைவிட நல்லது.

கல்யாண நகையோடு முதல்முறை சென்னையிலோ திருச்சியிலோ விமானம் ஏறும் பெண், கிளம்பும்போதே சுங்க அதிகாரியிடம் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். திரும்பும்போது அது தன் பழைய நகைதான் என்று காட்ட வேறு வாதம் தேவைப்படாது. அந்தக் கவுன்டருக்குப் போக வழக்கத்தைவிடச் சற்று முன்னதாக விமான நிலையம் வர வேண்டும்.