அப்பா என்ன சொல்வார்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 78. மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு, 12 நாளாக ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் இருக்கிறார். நினைவு திரும்பவில்லை. "கஷ்டம்தான்" என்கிறார்கள். இப்போது தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைக்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன், "எவ்வளவு செலவானாலும் கடைசிவரை பார்க்கணும்" என்கிறான். பெரியப்பா இப்படி மூன்று மாதம் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்த அன்று அப்பா என்னிடம், "என்னை இப்படிப் போட்டு வெச்சிடாதேம்மா" என்றார். போதும் என்று சொன்னால் அவரைக் கொன்ற பாவம் எனக்கு வருமா?

— ஒரு வாசகி

பதில்: வராது, சகோதரி. இந்தப் பயம் இருக்கும்வரை வேறு எதுவும் காதில் ஏறாது என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீள வழியில்லை என்று உறுதியான பிறகு இயந்திரத்தை எடுத்தால், உயிரைக் கொண்டுபோவது அந்த நோய்தான்.

ஆனால் அது உறுதியாக வேண்டும். "கஷ்டம்தான்" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் உட்கார்ந்து கேளுங்கள்: அப்பா எங்களை அடையாளம் கண்டுகொள்வாரா? வாயால் சாப்பிடுவாரா? எத்தனை நாளில் தெரியும்? ரத்தக் கசிவில் முதல் சில வாரங்களில் அடித்துச் சொல்வது மருத்துவர்களுக்கும் சிரமம். தெளிவில்லை என்றால் கெடு வைத்துப் பாருங்கள். இரண்டு வாரம் முழு சிகிச்சை. இன்னின்ன முன்னேற்றம் இல்லையென்றால் மறுபடி பேசுவோம் என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். வாய்வழிக் குழாய் நாள்கணக்கில் இருந்தால் தொண்டை புண்ணாகும். அதனால்தான் துளை போடக் கேட்கிறார்கள். அதற்குச் சம்மதித்தால் பிறகு நிறுத்தவே முடியாது என்பதில்லை.

அடுத்தது உங்களுக்கும் அண்ணனுக்கும் உள்ள வழக்கு. அவர் தன் ஆசையைச் சொல்கிறார், நீங்கள் உங்கள் வேதனையைச் சொல்கிறீர்கள். பேச முடியாதவருக்காக முடிவெடுக்கும்போது மருத்துவ அறவியல் கேட்கச் சொல்வது வேறு: அப்பா ஐந்து நிமிடம் கண் விழித்து, தன் நிலை முழுதும் புரிந்துகொண்டால் என்ன சொல்வார்? ஒருமுறை ஐ.சி.யூ. வாசலில் மூன்று மகன்கள் படிவத்தையும் பேனாவையும் ஒருவர் மாற்றி ஒருவரிடம் நீட்டிக்கொண்டிருந்தார்கள். இதைக் கேட்டேன். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கடான்னு திட்டுவார்" என்றார் இளையவர். மூவரும் அழுதார்கள். அதற்குப் பிறகு அங்கே சண்டை இல்லை.

உங்கள் அப்பா சொல்லியே வைத்திருக்கிறார். அது அன்றைய அதிர்ச்சியில் வந்த வார்த்தையா, எப்போதும் சொல்லி வந்ததா என்று மட்டும் பாருங்கள். அதை அவர் சொன்னபடியே அண்ணனிடம் சொல்லுங்கள். நடமாடிக்கொண்டிருந்த அப்பாவை விட்டுவிட்டுப் போனவர் அவர். குழாய்களுக்கு நடுவே இருப்பவரை போனில்தான் பார்க்கிறார். தூரத்தில் இருக்கும் பிள்ளையின் குற்ற உணர்ச்சிதான் "கடைசிவரை" என்று பேசுகிறது. அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், முடிந்தால் ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சட்டம் இதற்கு வழி விட்டிருக்கிறது. கண்ணியத்தோடு இறப்பது வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. நோயாளி எதுவும் எழுதி வைக்காவிட்டாலும், குடும்பத்தின் சம்மதத்தோடு மூன்று மருத்துவர்கள் கொண்ட இரண்டு குழுக்கள் அடுத்தடுத்துப் பரிசீலித்து ஒப்புக்கொண்டால் நிறுத்தலாம். மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தர வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். "எங்கள் பொறுப்பில் அழைத்துப் போகிறோம்" என்று எழுதிக்கொடுத்து, குழாயைக் கழற்றி ஆம்புலன்ஸில் ஏற்றுவதுதான் நம் ஊரில் நடக்கிறது. வழியிலேயே மூச்சுத் திணறிப் போனவர்களைப் பற்றி அந்தப் பிள்ளைகள் என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார்கள். இயந்திரம் நின்றாலும் சிகிச்சை நிற்கக் கூடாது. மூச்சுத் திணறலை மார்ஃபின் தணிக்கும். வலி நிவாரண ஆதரவு சிகிச்சைப் பிரிவை இன்றே வரச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் இருக்கிறார் என்றால், அண்ணனை வீடியோ காலில் வைத்துக்கொண்டு, அவரிடம் முதலில் கேளுங்கள். "என்ன செய்யலாம்மா?" என்று கேட்டால் "நீங்களே பாத்துக்குங்க" என்பார். "அப்பா என்னம்மா சொல்வார்?" என்று கேளுங்கள்.