நள்ளிரவில் பாலுக்கு அழும் குழந்தை

பத்து மாதக் குழந்தை. பகலெல்லாம் தவழ்ந்தும், சுவரைப் பிடித்து நின்றும் வீட்டாரைச் சிரிக்க வைத்துவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு உறங்குகின்றது. பதினொரு மணிக்கு அழுகை. பால் கொடுத்ததும் உறக்கம். ஒரு மணிக்கு மீண்டும் அழுகை. மூன்று மணிக்கோ, இரண்டு மிடறு குடித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு வீறிடுகின்றது. அடுத்த அறையிலிருந்து மாமியின் குரல் வருகின்றது: "பால் பற்றவில்லை போலிருக்கிறது." கணவர் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்திற்குப் போய்விடுகின்றார். ஸுப்ஹு பாங்கு சொல்லும் நேரத்தில்தான் தாயும் பிள்ளையும் கண்ணயர்கின்றனர். அவள் விழிக்கும்போது வெயில் வந்துவிடுகின்றது. தொழுகை தவறிவிட்டதே என்ற துயரம் ஒருபுறம். இவ்வளவு பெரிய பிள்ளைக்கு இன்னும் ராப்பாலா என்ற ஏச்சு மறுபுறம்.

நம் இல்லங்கள் பலவற்றில் நடப்பதே இது. தாயின் தனிப்பட்ட தொல்லை என்று இதை நாம் ஒதுக்கிவிடுகின்றோம். மார்க்கம் அவ்வாறு ஒதுக்கவில்லை.

மதீனாவில் ஓர் இரவு

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இப்னு ஸஅது அவர்கள் தம் 'தபகாத்' நூலில் பதிவு செய்திருக்கின்றார்கள். வணிகக் கூட்டமொன்று மதீனாவுக்கு வந்து தொழுகைத் திடலில் தங்கியது. அவர்களுடைய பொருள்கள் களவு போகாமலிருக்க, கலீஃபாவும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் இரவு முழுவதும் காவல் காத்தார்கள். அப்போது ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டது. கலீஃபா அங்கே சென்று, அல்லாஹ்வை அஞ்சிப் பிள்ளையை நன்கு கவனிக்குமாறு தாயிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். மீண்டும் அழுகை, மீண்டும் அதே அறிவுரை. இரவின் கடைசிப் பகுதியிலும் குழந்தை ஓயவில்லை. இம்முறை, நீ நல்ல தாயல்ல என்று கடிந்துகொண்டார்கள்.

பேசுபவர் இன்னாரென்று அறியாத அப்பெண் அப்போதுதான் உண்மையைச் சொன்னாள். குழந்தையைப் பால்குடி மறக்கச் செய்ய முயல்வதாகவும், அது மறுப்பதாகவும் கூறினாள். ஏன் இந்த அவசரம் என்று கேட்டார்கள். பால்குடி மறந்த குழந்தைகளுக்குத்தான் உமர் உதவித்தொகை தருகின்றார் என்றாள். பிள்ளையின் வயதைக் கேட்டார்கள். சில மாதங்களே ஆகியிருந்தன.

அன்று ஸுப்ஹுத் தொழுகையில் கலீஃபா ஓதியது, அவர்களுடைய அழுகையினால் பின்னால் நின்றவர்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. எத்தனை முஸ்லிம் குழந்தைகளின் உயிருக்குத் தாம் காரணமாகிவிட்டோமோ என்று நொந்தார்கள். உடனே அறிவிப்புச் செய்யச் சொன்னார்கள்: பால்குடியை அவசரமாக நிறுத்த வேண்டாம், இனி முஸ்லிம்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை உண்டு. எல்லா மாகாணங்களுக்கும் இதையே எழுதி அனுப்பினார்கள்.

இந்நிகழ்ச்சியைக் கலீஃபாவின் இரக்கத்திற்குச் சான்றாக நாம் மேடைகளில் கேட்டிருக்கின்றோம். ஆனால் அதற்குள் இன்னொரு பாடம் இருக்கின்றது. நீதிக்குப் பெயர்பெற்ற உமர் (ரலி) அவர்களே முதலில் தாயைத்தான் கடிந்தார்கள். காரணத்தைக் கேட்டது அதற்குப் பிறகுதான். கேட்ட பிறகோ, குறை தாயிடம் இல்லை, தாம் வகுத்த ஏற்பாட்டில்தான் இருக்கின்றது என்பது வெளிப்பட்டது. அதை ஒப்புக்கொண்டு மறு விடியலிலேயே மாற்றினார்கள். இரவில் அழும் குழந்தையுள்ள ஒவ்வொரு வீடும் கற்க வேண்டிய முறை இது. ஏசுமுன் கேட்க வேண்டும். கேட்டபின் ஏற்பாட்டை மாற்ற வேண்டும்.

திருமறை வகுத்த வழி

'அல்பகரா' அத்தியாயத்தின் 233-ஆம் வசனம் பால்குடி பற்றிய அடிப்படையைத் தருகின்றது. பாலூட்டுவதை நிறைவு செய்ய விரும்புவோருக்கு அதன் காலம் முழுமையாக இரண்டு ஆண்டுகள். தாய்க்கு முறைப்படி உணவும் உடையும் அளிப்பது தந்தையின் பொறுப்பு. எவரையும் அவருடைய சக்திக்கு மேல் சிரமப்படுத்தலாகாது. பிள்ளையை முன்னிட்டுத் தாய்க்கும் தீங்கு கூடாது, தந்தைக்கும் கூடாது. இரண்டாண்டுக்கு முன்னரே நிறுத்த விரும்பினால், இருவரும் கலந்தாலோசித்து மனமொப்பிச் செய்வதில் குற்றமில்லை.

இதிலிருந்து இரண்டு செய்திகள் விளங்குகின்றன. பத்து மாதக் குழந்தை பால் குடிப்பது வெட்கப்படவேண்டிய செயலன்று. அதற்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் உரிமை இருக்கின்றது. இக்கால மருத்துவமும் இதற்கு இசைவாகவே இருக்கின்றது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் மற்ற உணவோடு இரண்டு ஆண்டோ அதற்கு மேலுமோ தாய்ப்பால் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

மற்றொன்று, நிறுத்துவதும் குறைப்பதும் இருவர் கூடி எடுக்கவேண்டிய முடிவு. நள்ளிரவுக் கோபத்தில் எடுக்கும் முடிவு ஆலோசனை ஆகாது. தாய் களைத்துச் சோர்ந்து தனியே எடுப்பதும் ஆலோசனை ஆகாது. பகலில், இருவரும் அமைதியாக இருக்கும் நேரத்தில் உட்கார்ந்து பேசவேண்டும்.

அழுகைக்குக் காரணம் என்ன?

எட்டு மாதத்திற்கு மேற்பட்ட குழந்தை இரவில் பலமுறை விழிப்பதால் மட்டும் பால் வற்றிவிட்டது என்று எண்ணலாகாது. பகலில் அது நன்கு விளையாடுகின்றதா, சிறுநீர் நன்றாகப் போகின்றதா, எடை கூடுகின்றதா என்று பாருங்கள். இவை சரியாக இருந்தால் வேறு காரணம் தேடவேண்டும்.

பகல் விளையாட்டில் பாலை மறந்து, இரவில் ஈடுசெய்யும் குழந்தைகள் உண்டு. இவற்றுக்குப் பகலில் சந்தடியில்லாத அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பால் கொடுத்தால் இரவுத் தேவை குறையும். இந்த வயதில் உணவும் போதுமான அளவு வேண்டும். ஒன்பது மாதம் முதல் ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு வேளை, வேளைக்கு ஏறத்தாழ அரைக் கிண்ணம் கொடுக்கலாம். குழைந்த சோறும் பருப்பும், கீரை, முட்டை, முள் நீக்கிய மீன், வாழைப்பழம் ஆகியவை ஏற்றவை. தண்ணீராகக் கரைத்த கஞ்சி மட்டும் போதாது.

பல் முளைக்கும் ஈறு, சப்பும்போது வலிக்கும். குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியைச் சற்றுக் கடிக்கக் கொடுத்துவிட்டுப் பால் கொடுங்கள். கடித்துவிட்டால் கூச்சலிட்டு அடிக்க வேண்டாம். வாயின் ஓரத்தில் சிறுவிரலை நுழைத்து மெல்ல விடுவித்து, சிறிது நேரம் கழித்துக் கொடுங்கள். மூக்கடைத்த குழந்தையால் குடித்துக்கொண்டே மூச்சுவிட இயலாது. அதனால்தான் இரண்டு மிடறில் விட்டுவிட்டு அழும். படுக்க வைத்ததும் அழுகை மிகுந்தால், காதை இழுத்துக்கொண்டால், காய்ச்சல் இருந்தால், காதுவலியாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

இவை எதுவும் இல்லாமலும் குழந்தை அழும். தாய் கண்ணில் படாவிட்டால் போய்விட்டாள் என்று அஞ்சும் பருவம் இது. அது தேடுவது பாலை மட்டுமன்று, தாயின் அருகாமையையும்தான்.

குறைக்கத் தீர்மானித்தால்

ஓராண்டு நிறையாத குழந்தைக்கு இரவுப் பாலை முற்றிலும் நிறுத்த அவசரப்பட வேண்டாம். ஓராண்டுக்குப் பின்னரும் படிப்படியாகவே குறைக்க வேண்டும். உறங்கப் போகுமுன் வயிறாரப் பால் கொடுங்கள். இரவில் விழிக்கும் வேளைகளில் ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து, அவ்வேளையில் மட்டும் பாலுக்குப் பதிலாகத் தட்டிக்கொடுத்தோ, தோளில் போட்டோ உறங்கவையுங்கள். சில நாட்களில் அது பழகிய பிறகு அடுத்த வேளைக்குப் போகலாம். குழந்தைக்கு நோய் கண்டால் முயற்சியை நிறுத்திவைத்து, கேட்கும்போதெல்லாம் கொடுங்கள்.

தோளில் போடும் வேலை வாப்பாவுடையது. தாயின் மடியில் பால் மணக்கும். அங்கே குழந்தை பாலைத்தான் கேட்கும். ஆண்பிள்ளைக்கு இது இழுக்கு என்று எண்ணுவோர், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்தபடியே தொழுததை நினைத்துப் பார்க்கட்டும். வீட்டில் தம் குடும்பத்தாருக்குப் பணிவிடை செய்துகொண்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் இருக்கின்றது.

செய்யக்கூடாதவையும் உண்டு. வேப்பிலையை அரைத்து மார்பில் தடவிக் குழந்தையைத் திகைக்க வைப்பதும், திடீரென்று உறவினர் வீட்டில் விட்டுப் பிரிப்பதும் வேண்டாம். ஒரேயடியாக நிறுத்தினால் தாய்க்குப் பால் கட்டிக்கொண்டு வீக்கமும் காய்ச்சலும் வரலாம். அப்படி வந்தால் பால் கொடுப்பதை நிறுத்தாமல் மருத்துவரை நாடவேண்டும். ஓராண்டு நிறையுமுன் குழந்தையின் நாவில் தேன் தடவக் கூடாது. தேனில் மனிதருக்கு நிவாரணம் உண்டென்று திருமறை கூறுவது உண்மையே. ஆயினும் தேனில் சில வேளைகளில் இருக்கும் ஒருவகைக் கிருமியைத் தாங்கும் வலிமை பச்சிளம் குடலுக்கு இல்லை. கொடிய வாதநோய் உண்டாகலாம்.

தாயின் வணக்கம்

தாய்ப்பால் சுத்தமானது. அது ஆடையில் பட்டால் தொழுகைக்குத் தடையில்லை. பால் கொடுப்பதால் உளூவும் முறியாது. ஆனால் உணவு உண்ணத் தொடங்கிய குழந்தையின் சிறுநீர் பட்ட இடத்தைக் கழுவியே ஆகவேண்டும். ஆகவே தொழுகைக்கென ஓர் உடையைத் தனியே வைத்துக்கொள்வது எளிது. குழந்தையைக் கழுவிவிடும்போது அதன் மர்ம உறுப்பில் உள்ளங்கை பட்டால் ஷாபிஈ மத்ஹபின்படி உளூ முறியும். ஹனஃபி மத்ஹபின்படி முறியாது.

அசதியினால் உறக்கம் மேலிட்டு ஸுப்ஹு தவறிவிட்டால், விழித்தவுடன் தொழுதுவிட வேண்டும் என்பது நபிமொழி. ஆனால் அதுவே வழக்கமாகிவிடலாகாது. கணவர் பாங்கு கேட்டதும் மனைவியை எழுப்பி, அவள் தொழுது முடிக்கும்வரை பிள்ளையை வைத்திருந்தால் அவள் தொழுகை காக்கப்படும். தொழுதபின் சற்று உறங்குவதற்கும் அவளுக்கு வழிவிட வேண்டும்.

ரமளானில், நோன்பினால் தனக்கோ குழந்தைக்கோ கேடு நேரும் என்று தாய் அஞ்சினால் நோன்பை விடலாம். பின்னர் கழாச் செய்யவேண்டும். குழந்தைக்காக மட்டும் அஞ்சி விட்டிருந்தால், ஷாபிஈ மத்ஹபில் கழாவுடன் நாளொன்றுக்கு ஒரு முத் தானியம் ஏழைக்கு ஃபித்யாவாகக் கொடுக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் கழா மட்டுமே போதும்.

தொழுகையை நீட்டி ஓத எண்ணி நின்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், ஒரு குழந்தையின் அழுகை கேட்டதும் அதன் தாய் மனம் வருந்துவாளே என்று தொழுகையைச் சுருக்கினார்கள். தொழுகைக்கே தலைமை தாங்கி நின்றவர்கள் தாயின் மனத்தை எண்ணிப் பார்த்தார்கள். உறக்கம் கெடுகின்றதென்று தலையணையோடு கூடத்திற்குப் போகின்ற நாம் எம்மாத்திரம்?

சகோதரர்களே! இன்றிரவு உங்கள் வீட்டில் குழந்தை அழுதால், எழுந்து தாயிடம் சென்று அமைதியாகக் கேளுங்கள்: "என்ன வேண்டும்? நான் எதைச் செய்யட்டும்?" மாமிமார்களே! அவள் களைத்திருந்தால் காலை வேலையில் ஒன்றை உங்கள் கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சகோதரிகளே! உங்கள் சிரமத்தை மூடிமறைக்காமல் எடுத்துச் சொல்லுங்கள். மதீனாவின் அந்தத் தாய் வாய்திறந்து சொன்ன ஒரு சொல்லால் நாட்டின் சட்டமே மாறியது.

வல்ல அல்லாஹ் நம் குழந்தைகளுக்கு நலத்தையும், தாய்மார்களுக்கு வலிமையையும், வீட்டாருக்கு அவர்கள் சிரமத்தை உணரும் உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.