பிள்ளையோடு ரொட்டி தட்டுவோம்



ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லை. அன்றைக்குத்தான் ஹுன்னஸ்கிரிய லயங்களில் ஆறுதலாக ரொட்டி சுடுவோம். அடுப்படியில் "கிட்ட வராதே" என்று விரட்டினால் பிள்ளை இன்னும் கிட்டதான் வரும். நாம் பார்க்காததா! விரட்டாமல் வேலை கொடுங்கள்.

கையைக் கழுவி, இரண்டு கோப்பை கோதுமை மா, ஒரு கோப்பை தேங்காய்ப்பூ, கொஞ்சம் உப்பு, இதைப் பிள்ளையே அளந்து போடட்டும், கணக்கும் வரும். பிசைந்து கால் மணி நேரம் மூடி வைத்தால், தட்டும்போது மா சுருங்காது. தட்டுவது இஸ்தோப்பில் நடக்கட்டும். இலங்கைப் படம் மாதிரி வந்தாலும் ரொட்டி ரொட்டிதானே!

கல்லில் போடுவதும் திருப்புவதும் பெரியவர்கள் மட்டும். அடுப்பிலிருந்து மூன்றடி தள்ளிக் கரிக்கோடு போடுங்கள். அதைப் பிள்ளை தாண்டக் கூடாது. தேத்தண்ணிக் கேத்தலையும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

தப்பித்தவறிச் சுட்டுவிட்டால் பற்பசை, எண்ணெய், ஐஸ் எதுவும் பூசவோ வைக்கவோ வேண்டாம். உடனே 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடியுங்கள். நம் பீலித் தண்ணீர் குளிர் கூட. சுட்ட இடத்தில் மட்டும் விட்டு, மற்ற உடம்பைப் போர்த்துங்கள். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 1990 இலக்கத்துக்குப் பேசினால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.