வைஃபை வரவில்லையா? வரிசையாகக் கேள்

அன்புள்ள மருமகனுக்கு,

பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி, விண்டோஸை எடுத்துவிட்டு டெபியன் லினக்ஸ் ஏற்றியிருக்கிறாய் என்று அக்கா போனில் சொன்னாள். எல்லாம் ஓடுகிறது, வைஃபை மட்டும் தலைகாட்டவில்லையாம். "லினக்ஸுன்னாலே இப்படித்தான்" என்று நாலு பேர் சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதே. யூடியூபில் கண்ட கட்டளைகளையெல்லாம் எடுத்து ஒட்டாதே. கோளாறு எந்த இடத்தில் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வைஃபைக்கு மூன்று வேண்டும். லேப்டாப்புக்குள் இருக்கும் கார்டு. அதைக் கெர்னலோடு பேசவைக்கும் டிரைவர். கார்டின் சிப்புக்குள்ளேயே ஓடும் ஃபர்ம்வேர். பல கார்டுகள் இந்த ஃபர்ம்வேரைத் தமக்குள் சேமித்து வைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் டிரைவர்தான் டிஸ்கிலிருந்து எடுத்து ஊட்ட வேண்டும். டிரைவர் திறந்த மூலமாக இருந்தாலும், ஃபர்ம்வேரின் மூல நிரலைக் கம்பெனிகள் பெரும்பாலும் தருவதில்லை. அதனால் டெபியன் நெடுங்காலம் அதைத் தன் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்காமலே இருந்தது. 2022இல் டெவலப்பர்கள் வாக்களித்து அதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் கூடவே வருகிறது. நீ ஏற்றியது அதற்கு முந்தையது என்றால், முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

இனி டெர்மினலைத் திற. முதல் கேள்வி: ரேடியோ அணைந்திருக்கிறதா? 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' சொல்லிவிடும். 'ஹார்ட் பிளாக்டு: எஸ்' என்று வந்தால் லேப்டாப்பின் ஓரத்து ஸ்விட்சையோ விமானப் படம் போட்ட பொத்தானையோ பார்.

இரண்டாவது: கார்டு கண்ணில் படுகிறதா? 'எல்எஸ்பிசிஐ' என்று அடித்து, இடம் விட்டு, ஒரு சிறு கோடும் 'என்என்கே'யும் சேர். 'நெட்வொர்க் கண்ட்ரோலர்' என்ற வரியின் கடைசியில் அடைப்புக்குள் ஓர் எண் இருக்கும். அது 8086 என்று தொடங்கினால் இன்டெல் கார்டு. அதன் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இருந்தால் டிரைவர் ஒட்டிக்கொண்டது.

மூன்றாவது: ஃபர்ம்வேர் ஏறியதா? 'சுடோ டிமெஸ்க்' கட்டளை கெர்னலின் பதிவைக் காட்டும். உங்கள் ஊர் வரசித்தி விநாயகர் முன் சத்தியம் செய்ய நிற்பவனைப் போல அது உள்ளதை உள்ளபடி சொல்லும். 'ஃபெயில்டு டு லோட்' என்று ஒரு கோப்பின் பெயரும் முடிவில் -2ம் இருந்தால், அந்தக் கோப்பு டிஸ்கில் இல்லை என்று பொருள். ஒன்று கவனி: டிரைவர் புதிய பதிப்பிலிருந்து பழையதற்கு இறங்கி இறங்கித் தேடும். முதல் தோல்வியைக் கண்டு பதறாமல் கடைசி வரி வரை படி.

நெட் இல்லாமல் அதை எப்படி இறக்குவது? போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போடு. லேப்டாப் அதை ஒயர் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். ஏபிடியின் மூலப் பட்டியலில் 'நான்ஃப்ரீ' பகுதியை (டெபியன் 12 முதல் 'நான்ஃப்ரீ-ஃபர்ம்வேர்') சேர்த்து, 'அப்டேட்' கொடுத்து, இன்டெல் என்றால் 'ஃபர்ம்வேர்-ஐடபிள்யுஎல்வைஃபை', ரியல்டெக் என்றால் 'ஃபர்ம்வேர்-ரியல்டெக்' பேக்கேஜை நிறுவி ரீபூட் செய்.

பிராட்காம் கார்டு கொஞ்சம் படுத்தும். கம்பெனி விவரம் தராத காலத்தில், தன்னார்வலர்கள் சிப்பின் நடத்தையை ஆராய்ந்தே பி43 டிரைவரை எழுதினார்கள். 2010இல்தான் கம்பெனி சில சிப்புகளுக்குத் திறந்த டிரைவர் தந்தது. சில பழைய கார்டுகளுக்கு இன்றும் அதன் மூடிய டிரைவர்தான் சரிப்படும். செக்யூர் பூட் போட்டிருந்தால் கையொப்பமில்லாத அந்த டிரைவரைக் கெர்னல் ஏற்காது.

சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான். 2011இல் தமிழ்நாட்டு அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. வேலூர்ப் பக்கத்து நண்பன் யாராவது அதை வைத்துக்கொண்டு திண்டாடினால் நீயே போய் உதவலாம்; கேள்விகள் இவைதான்.

இவ்வளவுக்கும் மசியவில்லை என்றால் எனக்கு எழுது. ஆனால் 'வைஃபை வரலை மாமா' என்று மட்டும் எழுதாதே. கார்டின் எண், டிரைவரின் பெயர், பதிவில் வந்த கடைசிப் பிழை வரி, மூன்றையும் அனுப்பு. அவை இருந்தால் எனக்கும் பதில் சொல்ல முடியும். அநேகமாக, எழுதி முடிப்பதற்குள் உனக்கே விடை தெரிந்துவிடும்.

அன்புடன்,
மாமா